சிவப்பு விளக்கு எரிந்தால்

அருள்புரத்துப் பனியன் கம்பெனி மீட்டிங் ரூமில் மைக் செட் மாட்டி முடித்த நாளிலிருந்து அந்தோணிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து பேசினால் பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவதுபோலக் கேட்டது. அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மனைவி ரோஸ்மேரியிடம் சோறு தின்னும்போதும் அதே பேச்சுதான். மியூட் பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் உள்ளே பேசுவது ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது என்று பீற்றிக்கொண்டான்.

முதலாளி சரவணக்குமார் கூப்பிடும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது. மியூட் போட்டாலும் தன் கேபினுக்கு மட்டும் சத்தம் வர ஒரு தனி லைன் வேண்டும் என்றார். தன் மற்ற யூனிட்டுகளில் மைக் மாட்டும் வேலையும் உங்களுக்குத்தான் என்று தன்மையாக ஒரு வார்த்தை சேர்த்தார். ஜெர்மனிக்காரர்கள் சார்பில் வேலை நிலைமையை ஆடிட் செய்ய வருகிறவர்கள் தொழிலாளிகளை அந்த ரூமில் தனியாக வைத்து விசாரிப்பது அந்தோணிராஜுக்குத் தெரியாதா என்ன? மானங்கெட்டவன், லைன் இழுத்துக் கொடுத்தான். வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆபீஸ் சொல்லிக்கொடுத்து அனுப்பும் ஆட்கள்தானே பேசப் போகிறார்கள், ரோஸ்மேரிக்கு என்ன என்று இருந்துவிட்டான்.

ஆடிட் அன்று கேபினில் இரைச்சல் வருகிறது என்று அவனை அழைத்தார்கள். ஆடிட்டர் சத்யப்பிரியா ஆபீஸ் அனுப்பிய ஆட்களை ஒதுக்கிவிட்டு, தானே போய் ஒரு பெண்ணைக் கைகாட்டி அழைத்து வந்திருந்தார். ஜெர்மனி லைனை மியூட் செய்துவிட்டதாக அவர் சொல்வது கேட்டது. அந்தோணிராஜ் இரைச்சலைப் போக்கினான். அடுத்து வந்தது ரோஸ்மேரியின் குரல்.

வேலைக்கு வயது பத்தாத பிள்ளைகளைக் காலையிலேயே வேனில் ஏற்றி அவிநாசி கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். அதில் ஒருத்தியின் விரலில் ஊசி ஏறியும், துணியைச் சுற்றி மறுபடி மெஷினில் உட்கார வைத்தார்கள் என்றாள்.

அவன் கை வால்யூம் திருகின் மேல்தான் இருந்தது. ஒரு திருகு திருகியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். மற்ற யூனிட்டுகள் கண்முன் வந்து நின்றன, கை அசையவில்லை.

"யாருங்க தம்பி இந்தம்மா?" என்றார் முதலாளி.

"தெரியலைங்க."

இதையெல்லாம் சொல்லப் பயமில்லையா என்று சத்யப்பிரியா கேட்டார். ரோஸ்மேரி சிரித்தாள். அவன் பீற்றும்போதெல்லாம் வீட்டில் சிரிக்கும் சிரிப்பு அது.

"என்ன பயம் மேடம்? இந்த மைக்கை மாட்டுனதே எங்க வீட்டுக்காரர்தான். செவப்பு எரிஞ்சா ஒருத்தருக்கும் கேக்காதுன்னு அவுகதான் சொன்னாக."

சரவணக்குமார் அவனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி, எதுக்கு நின்னுட்டு? இன்னுங் கொஞ்சம் சத்தம் வெய்ங்க. முழுசாக் கேட்டுரலாமுங்க."

அந்தோணிராஜ் உட்கார்ந்தான். சத்தத்தைக் கூட்டி வைத்தான்.