அடித்தண்ணீர்

"அனிதா, இங்குட்டு வா. இந்த முட்டைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று மாமியார் பவுலின் கொல்லையிலிருந்து கூப்பிட்டபோது, மரிய அனிதா யாரும் அளக்காத ஓர் ஆற்றுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தாள்.

வடதுருவக் கடலில் விழும் ஆறுகள் எவ்வளவு நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன என்று மதிப்பிடுவதுதான் அவள் வேலை. அமராவதிபுதூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பனிநாட்டு ஆற்றுக்குக் கணக்கா என்று சொந்தக்காரர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். அங்கே பாதி ஆறுகளுக்கு அளவுமானியே கிடையாது. பக்கத்து ஆற்றின் போக்கை வைத்து இதுவும் இப்படித்தான் ஓடியிருக்கும் என்று நிரப்ப வேண்டும். ஒரே ஓர் ஆறு வந்தால் மட்டும் அவளுக்குக் கை ஓடாது. அதன் முகத்துவாரத்தில் தண்ணீர் அளக்கப் போன படகு கவிழ்ந்துதான் அவள் புருஷன் சாலமன் போனான். இரண்டு வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்கான பூசையில் சாலமன் பேரையும் வாசிக்கச் சொல்லலாம் என்று நேற்று அவள்தான் பேச்சை எடுத்தாள். பவுலின் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பாக்காத ஆத்துக்குக் கணக்குப் போடுற மாதிரி, பாக்காத சாவுக்கும் போடுறியாத்தா?"

அனிதாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யாரும் போடாத சட்டைகளை வாராவாரம் துவைத்துக் கொடியில் காயப்போடும் வீட்டில் எத்தனை நாள்தான் மூச்சுவிடுவது?

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி. விதைநெல்லைக் கொட்டிப் பதரைக் கழிக்க முந்தாநாள் காலையில் பவுலின் உப்புக் கரைத்து வைத்திருந்தாள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. சாயந்தரம் பிடித்த தூறல் நேற்றெல்லாம் விடவில்லை. உப்பு போதுமா என்று பார்க்க இப்போது போட்ட முட்டை, மேலேயும் வராமல் அடிக்கும் போகாமல் பாதி ஆழத்தில் நின்றது.

"உப்புத்தண்ணி கனம் அத்தை, அடியில கெடக்கு. மழத்தண்ணி மேல நிக்குது. ரெண்டும் இன்னும் கலக்கல. அந்தக் கடல்லயும் ஆத்துத்தண்ணி இப்புடித்தான் மூடிக்கிட்டுக் கெடக்கும்."

மேலே அந்த மூடாக்கு கூடக்கூட அடியில் இருக்கும் வெதுவெதுப்பு வெளியே வர வழியில்லாமல் அப்படியே தங்கிவிடும். அதை அவள் சொல்லவில்லை. அதற்குள் பவுலின் கையை முழங்கை வரை விட்டிருந்தாள்.

"மேல சில்லுன்னு இருக்கு. அடியில சூடா இருக்குத்தா."

"முந்தாநாளு வெயிலு அத்தை."

"வெயிலுச் சூடு எனக்குத் தெரியாதா? இது ஆளு சூடு."

அனிதாவும் தொட்டிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு விறைத்தது. விரல்களில் வெதுவெதுப்பு ஏறியது. விடியற்காலையில் சாலமனின் போர்வைக்குள் கையை நுழைத்தால் இருக்குமே, அதே சூடு. காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. உள்ளங்கையில் ஏதோ லேசாக அழுத்திவிட்டு விலகியது. நெல்லாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். தொட்டியில் இன்னும் நெல்லே கொட்டவில்லை.

வாசலில் வண்டி நின்றது. பூசைக்குப் பேர் வாங்க வந்த கோயில் உபதேசியார் சந்தியாகு.

"அக்கா, சாமியாரு கேட்டு விட்டாரு. சாலமன் தம்பி பேரக் குடுக்கிறீகளா?"

பவுலின் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தாள்.

"வெளிறிப் போயிட்டியேத்தா. என்னால நீயும் இப்புடியே கெடக்க வேணாம். போ, பேரக் குடுத்துரு. நான் இதக் கலக்கி நெல்லப் போடுறேன்."

இதைக் கேட்கத்தானே இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். ஆனாலும் அனிதா அந்தச் சூட்டிலிருந்து கையை வெளியே எடுக்கவில்லை. மற்றக் கையால் துடுப்பை எட்டிப் பிடித்தாள்.

"கலக்காதீக அத்தை."

"என்னத்தா?"

"வேணாம். இன்னைக்குக் கலக்காதீக."

வாசலில் உபதேசியார் மறுபடியும் குரல் கொடுத்தார். இரண்டு பெண்களும் துடுப்பைப் பிடித்தபடியே நின்றார்கள். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. தொட்டியின் நடுவில் முட்டை மெல்லப் புரண்டு, மறுபக்கம் திரும்பி, அதே இடத்தில் நின்றது.