இரண்டு வீட்டுக்கும் ஒரே ஈரம்

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தன் வீட்டு நிலவறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்த பாலித்தீன் துண்டை வெர்லின் ஆஸ்லண்ட் உரித்தார். சுவரைத் தொட்டிருந்த பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர்.

"சுவர் வழியாத்தான் வருது" என்றேன்.

 எங்கள் தேவாலயச் சபையில் இருபது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுபவர் வெர்லின். அந்த நிலவறையில் ஓர் அறை கட்டி முடிக்க அக்டோபர் முழுவதும் நானும் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தேன். சுவரோரம் மரச்சட்டங்கள் நிமிர்ந்துவிட்டன. அவற்றின்மேல் அடிக்கவேண்டிய ஜிப்சம் பலகைகள் மூலையில் அடுக்கியிருந்தன.

அறை அவர் மகள் பிரிட்டாவுக்கு. கணவன் விட்டுப் போனபின் நான்கு வயது இங்க்ரிட்டோடு தனியாக இருக்கிறாள். குழந்தைக்கு வீசிங். ஈரமான வீட்டில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அறை காஞ்சிருந்தா வர்றேன்பா. இல்லேன்னா சிநேகிதியோட டெக்சாஸ் போயிடறேன்" என்று பிரிட்டாவும் சொல்லிவிட்டாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு முன்னால் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"பலகையை அடிச்சு மூடிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வெர்லின்.

"இங்க்ரிட்டோட நெஞ்சுக்குத் தெரியும்" என்றாள் படியில் நின்றிருந்த அவர் மனைவி மார்லிஸ்.

வெர்லின் சுத்தியலைக் கீழே வைத்தார்.

வெளியே மழை. மூவரும் போய்ப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஆர்விலின் கூரைத் தண்ணீரெல்லாம் ஒரு குழாய் வழியாக இறங்கி, இவர்கள் சுவர் ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"நாங்க குடிவந்ததுலேர்ந்து" என்றார் வெர்லின்.

"சொல்லவே இல்லையா?"

"எப்படிப்பா சொல்றது? பனி விழுந்தா அவர் வாசலோட சேர்த்து எங்க வாசலையும் சுத்தம் பண்ணிட்டுப் போற மனுஷன்."

மின்னசோட்டாவில் நாங்கள் அப்படித்தான். எங்கள் காலை ஒருவர் மிதித்தால், அவர் காலுக்கடியில் எங்கள் காலை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்போம்.

மார்லிஸ் ஒரு ஆப்பிள் கேக்கைக் கொடுத்து வெர்லினை ஆர்விலிடம் அனுப்பினாள். வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

"சொன்னியா?" என்றாள் மார்லிஸ்.

"மக்காச்சோளம் இந்த வருஷம் பரவாயில்லையாம்."

"குழாயைப் பத்தி?"

"மழை ஜாஸ்தின்னு சொன்னேன். ஆமான்னார்."

"அவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்கும்" என்ற மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டாள். நாங்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் பின்னால் போனோம்.

கதவைத் திறந்த ஆர்வில் கையில் மார்லிஸின் கேக்கில் ஒரு துண்டு இருந்தது.

"ஆர்வில், எங்க பேத்தி வர்றா. அவளுக்கு மூச்சுக் கோளாறு. உங்க கூரைத் தண்ணி எங்க பேஸ்மென்ட்ல இறங்குது" என்றாள் மார்லிஸ்.

அவர் முகம் காதுவரை சிவந்தது. "அய்யோ" என்றார் மெல்ல. கேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு, "கொஞ்சம் கீழ வந்து பாக்கறீங்களா?" என்று முன்னால் இறங்கினார்.

அவருடைய நிலவறையில் பெட்டிகளெல்லாம் செங்கல்மேல் ஏறியிருந்தன. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெர்லின் வீட்டுப் பக்கத்துச் சுவர் கறுத்திருந்தது.

"உங்க பேஸ்மென்ட்லேர்ந்து பம்பு வெளிய தள்ற தண்ணி இங்க வருது. சொல்ல வேணாம்னு இருந்தேன். நீங்க நல்ல மனுஷங்க" என்றார்.

வெர்லின் அந்தச் சுவரையே பார்த்தார். ஆர்விலின் கூரையிலிருந்து தன் வீட்டுக்கு வந்த தண்ணீரைத்தான் இத்தனை வருடமும் பம்பு வைத்து ஆர்விலுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். முதலில் சிரித்தது மார்லிஸ்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழையை அனுப்புவது தேவன்தான். அது யார் சுவரில் இறங்கவேண்டும் என்பதை நாம் குழாய் வைத்துத் தீர்மானிக்கிறோம்.

மழை விட்டதும் இரண்டு வீட்டுக்கும் நடுவே வாய்க்கால் வெட்டி, இரு தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்துத் தெருச் சாக்கடைக்கு விட்டோம். ஆனால் ஈரம் குடித்த சுவர் ஒரு நாளில் காய்வதில்லை. வசந்தம்வரை பலகை அடிக்கமுடியாது. வெர்லின் மண்வெட்டியில் சாய்ந்து, தன் மகள் டெக்சாஸுக்கே போய்விட்டதுபோல் நின்றார்.

"என் மாடியில ரெண்டு ரூம் சும்மாத்தான் கெடக்கு. காஞ்ச ரூம். சுவர் காயறவரைக்கும் பொண்ணும் குழந்தையும் அங்க இருக்கட்டுமே" என்றார் ஆர்வில்.

எங்கள் ஊரில் எதையும் இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறைதான் வாங்கிக்கொள்வோம். வெர்லின் வாயைத் திறந்தார். "அதெல்லாம் எதுக்கு..." என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

"சரி ஆர்வில்" என்றார். "ரொம்ப நன்றி."

ஆர்வில் இரண்டாவது முறை கேட்பதற்குத் தயாராக இருந்தவர், அதை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

சேற்றுக் கையோடு உள்ளே போய் வெர்லின் மகளுக்குப் போன் செய்தார்.

"ரூம் இன்னும் ஈரமாத்தாம்மா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்து வீட்டு மாடி காஞ்சிருக்கு. வா."

"அவரை ஏம்பா கேட்டீங்க?"

"நாங்க கேக்கல. அவரே சொன்னார்."

"நீங்களும் உடனே ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன்."

 அவள் அழுவது எங்களுக்கும் கேட்டது.

அவள் புதன்கிழமை வந்தாள். இங்க்ரிட்டைக் காரிலிருந்து இறக்கும்போது, மாடி அறையைச் சூடாக்கிவிட்டு இறங்கிவந்த ஆர்வில், அந்தக் குளிரில் கோட்டுகூட இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.