வெர்னாவின் மூன்று அழைப்புகள்

எங்கள் டெல்வுட் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புது வழக்கம் ஒன்று வந்திருந்தது. வழக்கு கவிழ்ந்தால், யாரையும் திட்டாமல் வட்டமாக உட்கார்ந்து, எங்கே சறுக்கினோம் என்று பேச வேண்டும். அன்று கவிழ்ந்து கிடந்தது என் வழக்கு. கடைக் கொள்ளைக்காக நான் உள்ளே தள்ளிய ஆரின் திபோ பதினோரு வருடம் சிறையில் இருந்துவிட்டார். உண்மையான திருடன் பிடிபட்ட பிறகு, இந்த வசந்தத்தில்தான் வெளியே வந்தார். அவரை இந்தக் கூட்டத்துக்கு அழைக்கச் சொன்னதே நான்தான். ஒரு தடவை அவர் வாயால் 'பரவாயில்லை' என்று கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தேன்.

"எங்க சறுக்குச்சு, கோரா?" என்றார் தலைமை வழக்கறிஞர் ஹால்வர்சன்.

"கோப்புல இருக்கறதெல்லாம் குடுத்தாச்சான்னு போலீஸ்கிட்ட கேட்டேன். குடுத்தாச்சுன்னாங்க. பொய்யில்ல. ஆனா ஸ்டேஷனோட போன் பதிவேடு கோப்புக்குள்ளயே வராது. போன வாரம் தோண்டினப்பதான் பார்த்தேன்."

"இத்தன வருஷமா யாருமே கேக்கலயா?"

"கேக்கத் தோணல. எனக்கும்தான்."

இனிமேல் பதிவேட்டையும் கேட்டு வாங்கி எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும், அதற்கொரு படிவத்தில் போலீஸ் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். பதினோரு வருடத்துக்கு ஒரு படிவம்! என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

பதிவேட்டின் நகலை ஆரினிடம் நீட்டினேன். அவர் விரல் ஒரு பெயரில் நின்றது.

"வெர்னாவா கூப்பிட்டா?"

"மூணு தடவ. கொள்ளை நடந்த சாயங்காலம் நீங்க அவங்களோட இருந்தீங்கன்னு சொல்லியிருக்காங்க. போலீஸ்ல திரும்பக் கூப்பிடறோம்னாங்களாம். யாரும் கூப்பிடல."

மூன்றாவது அழைப்பின் குறிப்பை அவர் மெல்ல வாசித்தார். "'புருஷனுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, கோர்ட்டுக்கு வர்றேன்.'"

தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆரின் பேசினார்.

"அவளுக்கு அசிங்கமாயிடும்னுதான் நான் வாயே தொறக்கல, வக்கீலம்மா. ஆனா அவளா வருவான்னு தினமும் கோர்ட்டுக் கதவையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் ஜெயிலுக்குக் கடுதாசி போட்டா. இப்ப என்ன சமாதானம்னு, பிரிக்காமயே திருப்பி அனுப்பிட்டேன். பதினாலு கடுதாசி."

கேட்க நினைத்த மன்னிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"இத நான் வெச்சுக்கலாமா?" என்றார். என்னிடம் அனுமதி கேட்கிறார்! தலையாட்டினேன்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றார் ஹால்வர்சன்.

ஆரின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் வெளிய வந்த வாரம்தான் அவள அடக்கம் பண்ணாங்க. கல்லறை எங்க வீட்லேர்ந்து ரெண்டே தெரு. நான் போகல."