என் கையால் ஒரு குர்ஷா

என் உடம்பே என் நரம்புகளைப் பகையாளியென்று நினைத்துக் கடித்துவிட்டதாம். கோண்டர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். மூச்சே ஓடாமல் கிடந்தவளுக்கு விளக்கம் ஒரு கேடா! இருபத்திரண்டு வருஷம் இன்ஜெரா அப்பம் சுட்டு விற்ற கை ஒரே வாரத்தில் துணியாய்த் தொங்கிவிட்டது. மூச்சு திரும்பினால் பெரிய நோன்பு ஐம்பத்தைந்து நாளும் பிசகாமல் இருக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். மூச்சு திரும்பியது. கை திரும்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நரம்பு மெதுவா தேறும்மா. சதைதான் கரைஞ்சுபோச்சு. முட்டை, பால், கறி தினமும் சாப்பிடணும். இல்லேன்னா அந்தக் கை எழும்பாது" என்றார். இரண்டு வாரத்தில் நோன்பு தொடங்கியது. அந்த மூன்றையும்தான் நோன்பில் தொடக்கூடாது.

தங்கை ஸெனெபெச் சாமியாரையே கூட்டிவந்தாள். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்றார் அவர்.

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க சாமி. வாக்குக் கொடுத்தவ நான்" என்றேன்.

"அந்தப் பிடிவாதத்தையே காய்ச்சிக் குடி, தெம்பு வரும்!" என்று கத்தினாள் ஸெனெபெச்.

ஆனால் அவள்தான் எனக்குத் தனிச் சட்டியில் கடலைமாவுக் குழம்பு வைத்து ஊட்டினாள். எனக்குக் காரம் ஆகாதாம். நாக்கும் மரத்துக் கிடந்தது. சாம்பலைக் கொடுத்தாலும் தின்றிருப்பேன். நாட்கள் போயின. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

நோன்பின் முப்பத்தெட்டாம் நாள் விரல்கள் மடங்கின. பக்கத்து வீட்டு ஃபெலெக்கெச் காபிக்கு வந்திருந்தாள். என் தட்டிலிருந்து இன்ஜெராவைப் பிய்த்து, குழம்பில் புரட்டி, உருட்டி, ஸெனெபெச்சின் வாய்க்கு நேரே தூக்கினேன்.

"வாயைத் திறடி. என் கையால மொத குர்ஷா உனக்குத்தான்."

பிரியமாய் ஊட்டுகிற குர்ஷாவை எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. ஸெனெபெச்சின் முகம் வெளுத்தது. "நீ சாப்பிடுக்கா, எனக்குப் பசியில்ல."

"அடியே, செத்துப் பொழைச்சவ கையைத் தூக்குறா, இவ பசி பாக்குறா!" என்றாள் ஃபெலெக்கெச்.

நான் கையை இறக்கவில்லை. குழம்பு மணிக்கட்டுக்கு வழிந்தது, சூடு தெரியவில்லை. ஸெனெபெச் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விடாதவள், மென்று விழுங்கினாள். ஃபெலெக்கெச் குலவையிட்டாள்.

அவள் போன பிறகு ஸெனெபெச் சொன்னாள். "பால் பவுடர். மொத நாள்லேருந்து. உன் சட்டியில மட்டும்."

கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

"நான் ஊட்டும்போதே சொல்லியிருக்கலாமேடி. நீயாவது தப்பிச்சிருப்பே."

"சொன்னா கையை எறக்கிடுவியேக்கா."

விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: "சட்டியில மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"கொண்டா. இனிமே தெரிஞ்சே தின்னுறேன்."