கட்டாத தயிர்

பண்ணையார் மனைவி பிரகதாம்பாள் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். தயிர் அசையாமல் நிற்பதற்குப் பதில் கஞ்சித் தண்ணீர்போல் விளிம்புவரை ஓடி வந்தது. "இன்னிக்கும் கட்டல," என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் பால் கறக்கும் அம்சவல்லிக்குப் பயமாக இருந்தது.

தை அறுவடை நேரம். கூலி உயர்வு கேட்டு ஊரே வேலைநிறுத்தத்தில் இருந்தது. பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கிய அன்று மதகடியில் அடிதடி நடந்து, அம்சவல்லியின் புருஷன் பக்கிரி தலைமறைவாகிவிட்டான். குத்தாலம் சாலையில் போலீஸ் வேன் நின்றது. வாயில்லாச் சீவன்களைப் பட்டினி போட வேண்டாமென்று கூலியாட்களின் சங்கம் கொட்டில் வேலையை மட்டும் விட்டுவைத்திருந்ததால், அவள் பண்ணையார் துரைராசு வீட்டில் வழக்கம்போலப் பால் கறந்துகொண்டிருந்தாள். அங்கே கறவை இரண்டு. நாட்டுமாட்டின் பாலில் குறையில்லை. சினை ஊசியில் பிறந்த கலப்பினச் செவலைப் பசு போன மாதம்தான் தலையீற்று ஈன்றிருந்தது. அதன் பால்தான் உறைய மறுத்தது.

துரைராசு கொல்லைப்பக்கம் வந்தார். நாலைந்து நாளாகத் தூங்காத கண்கள்.

"பயிருக்கு அடிக்கிற மருந்து விழுந்த பால் உறையாதாம். யாரு குடுத்தா உங்கிட்ட? உம் புருஷனா?"

"ஐயா, கறந்த பாலை அப்படியே அம்மாகிட்டதாங்க குடுக்கறேன்."

"அப்ப குடி."

பிரகதாம்பாள் செவலையின் பால் இருந்த செம்பை உயர்த்திப் பிடித்தாள். அம்சவல்லி இரண்டு கைகளையும் குவித்தாள். சங்கத்து ஆள் சாரங்கபாணி போன வாரம் ஆற்றங்கரையில் சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "அந்த வீட்டு உசுரே உங்கையிலதான் இருக்கு அம்சா." அவள் வைக்கோல் பிடுங்கப் போகும்போது பால் செம்பு கொட்டிலில் தனியாக இருக்கும். பின்பக்கம் வேலியும் கிடையாது. தான் எதையும் கலக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாரும் கலக்கவில்லை என்று அவளால் சொல்ல முடியுமா? மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். குடித்தாள். நாக்குக்கு ருசியே தெரியவில்லை.

வைக்கோல் போரடியில் உட்காரச் சொன்னார்கள். விஷம் ஏறுகிறதா என்று தன் உடம்பையே கவனித்தபடி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரகதாம்பாள் அடிக்கடி கதவிடுக்கில் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பாலைத்தான் குடித்திருந்தார்கள்.

துரைராசு ஆளனுப்பியிருந்த கால்நடை டாக்டர் நடராசன் வெயில் சாய்கையில் வந்தார். தானே பாத்திரம் கழுவி, இரண்டு மாட்டையும் தானே கறந்து, காய்ச்சி ஆற்றி, ஒரே தயிரில் பிரை குத்தி இரண்டு சட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்தார். துரைராசு விடியும்வரை அம்சவல்லியை வீட்டுக்கு விடவில்லை.

காலையில் டாக்டர் சட்டிகளைச் சாய்த்தார். நாட்டுமாட்டுத் தயிர் அப்படியே நின்றது. செவலையின் தயிர் ஓடியது.

"யாரும் எதையும் கலக்கலைங்க. பால்ல இருக்கிற புரதம்தான் தயிராக் கட்டுது. அது எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்காது. தாய்கிட்டேருந்து பாதி, ஊசிக்கு வித்து குடுத்த காளைகிட்டேருந்து பாதி வருது. செவலை நெறம் வந்த மாதிரி இதுவும் வந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன். குடிக்க ஒரு கெடுதலும் இல்லை."

"பொறப்புலயே வந்ததா? மாத்த முடியாதா?" என்றார் துரைராசு.

"முடியாதுங்க."

துரைராசு செவலையைப் பார்த்தபடியே, அம்சவல்லி பக்கம் திரும்பாமல், "போய்க் கற," என்றார்.

டாக்டரின் சைக்கிள் வரப்பைத் தாண்டியதும் அம்சவல்லி கொட்டிலுக்குப் போனாள். பிரகதாம்பாளும் பின்னாலேயே வந்து, அவள் விரல்கள் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டியாயிற்று. அம்சவல்லி குந்தி உட்கார்ந்து காம்பைப் பிடித்தாள். பிரகதாம்பாளின் கண் விரல்களிலேயே இருக்க, பிடி வழக்கத்தைவிட இறுகியது. செவலை காதை விறைத்துத் திரும்பிப் பார்த்தது. மடி நிறைந்து கனத்துத் தொங்கியது. ஆனால் அந்தப் பிடியில் மிரண்டு, அது பாலை உள்ளே எக்கிக்கொண்டது. பீய்ச்சப் பீய்ச்ச, ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.