வெற்றுக் குப்பியின் சாட்சியம்

ஒன்றுமே இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பியைக் கோர்ட்டில் சாட்சியாக நிறுத்தி, ஒரு பெண்ணை ஜெயிலிலிருந்து வெளியே கொண்டுவந்தவன் நான். பூமியில் அப்படிச் செய்த ஒரே ஆள். மற்ற கிரகங்களிலும் விசாரித்துவிட்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்து நான் இதை ஆரம்பித்ததும் என் மனைவி உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை மட்டும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி மூன்று மாதம்தான், இன்னும் என்னை நம்புகிறார். எதிரே என் மைத்துனன். நான் வேலை பார்த்த அதே தடய அறிவியல் கூடத்தில், அடுத்த மேஜையில் இருபத்தாறு வருஷம் இருந்தவன்.

“நம்பிடாதீங்க மாப்ளே. அத்தான் ஆரம்பிச்சா வண்டி வண்டியா வரும்,” என்றான்.

நான் கண்டுகொள்ளவில்லை. இணையத்தில் சாதாரணமாகத் தேடினால் அகப்படாத சந்தைகள் இருக்கின்றன. விற்பவன் யாரென்று வாங்குபவனுக்குத் தெரியாது. ஆனாலும் நட்சத்திரம் போட்டு, ‘சரக்கு அருமை, பொட்டலம் நேர்த்தி’ என்று பாராட்டு எழுதுவார்கள். அங்கே விற்கும் செயற்கைப் போதைப்பொருளைக் காலையில் தடைசெய்தால், மாலைக்குள் மூலக்கூறில் ஒரு முனையை மாற்றி, மீசை ஒட்டிக்கொண்ட திருடன் மாதிரி திரும்ப வந்துவிடும். உப்புக் கல் அளவு இருந்தால் போதும், ஒரு யானை ஏழு நாள் எழுந்திருக்காது.

“யானைக்கு யாரு குடுத்துப் பாத்தா?” என்றான் மைத்துனன்.

ஒருநாள், தபால் மூட்டையில் போலீஸ் பிடித்த இரண்டு கவர்கள் எங்கள் கூடத்துக்கு வந்தன. ஒன்று அந்தச் சந்தைச் சரக்கு. மற்றது ஒரு நர்ஸிங் மாணவி வரவழைத்த வெள்ளைப் பொடி. முகத்துக்குப் பூசுவது என்று அவள் அழுதாள். இயந்திரம் இரண்டிலும் ஒரே போதைப்பொருள் என்றது. அறிக்கை போயிற்று, அவளும் உள்ளே போனாள். குற்றம் உறுதியானால் பத்து வருஷம்.

நான் லீவு முடிந்து வந்து, இயந்திரம் போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஏதோ உறுத்தியது. அன்றைக்குப் பிறகு அந்த இயந்திரத்தில் வேறெதுவும் ஓட்டியிருக்கவில்லை. அவள் பொடியையே மறுபடி அதில் ஓட்டினேன், அது காட்டிய போதைப்பொருள் அளவு பாதியானது. இன்னொரு முறை ஓட்டினேன், அதிலும் பாதி. பொடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே அளவு காட்ட வேண்டுமே? முதல் கவரின் சரக்கு இயந்திரத்தின் குழாயில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வந்ததன் தலையில் பழியைப் போட்டிருக்கிறது. இதற்காகத்தான் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே, மாதிரி எதுவும் சேர்க்காத ஒரு குப்பியை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அதை ஓட்டவில்லை.

அந்த முதல் கவர்ச் சரக்கை மறுபடி ஓட்டி, உடனே அந்த வெற்றுக் குப்பியை ஓட்டினேன். அதிலும் போதைப்பொருள் என்றது. குப்பியையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். “ஐயா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. மெஷின் இருக்குங்குது. இதையும் அரெஸ்ட் பண்ணிடலாம்,” என்றேன். நீதிபதி சிரித்த சிரிப்பில் கூரையில் இரண்டு ஓடு நழுவியது.

“அன்னிக்கு மெஷின ஓட்டினது யாரு மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“யாரோ ஒருத்தன். மாத்தலாகிப் போயிட்டான். பேருகூட மறந்துபோச்சு.”

“சுத்தப் பொய்,” என்றான் மைத்துனன்.

“எது பொய்? அந்தப் பொண்ணு நாப்பது நாள் உள்ள கிடந்தது. பரீட்சையும் போச்சு.”

“பதினோரு நாள்,” என்றான் அவன்.

மாப்பிள்ளை அவனைப் பார்த்தார். நான் பேச்சை மாற்ற எதையோ தேடினேன்.

“நடந்தது மாப்ளே. யானையும் கூரை ஓடும் பொய். மத்ததெல்லாம் நடந்தது. சாயங்காலத்துக்குள்ள அறிக்க வேணும்னாங்க. நடுவுல வெத்துக் குப்பி ஓட்டாம கையெழுத்துப் போட்டது நான்தான்,” என்றான் மைத்துனன்.

மேஜைமேல் கொஞ்சம் தண்ணீர் சிந்தியிருந்தது. அவன் அதை விரல் நுனியால் கோடாக இழுத்து, ஓரம்வரை கொண்டுபோய், விழாமல் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தான்.