தண்ணீர் வில்லை

ஹபிபுல்லா பாயிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பழவேற்காட்டிலிருந்து யாரைப் பார்க்க வந்தாலும், சலாம் சொன்ன கையோடு அவர்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வாசனை எண்ணெய் தடவிவிடுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தரை துடைக்கும் திரவம் தயாரிக்கிற அந்தக் கம்பெனியில், வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை மணக்காத ஆள் கிடையாது.

திங்கட்கிழமை அவர் வந்தபோது சோதனைக்கூடத்தில் சுகிர்தா மட்டும் இருந்தாள். பாய் விற்கிற எலுமிச்சம்புல் எண்ணெய் கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வியாழனோடு அவளுடைய மூன்று வருஷக் கான்ட்ராக்ட் முடிகிறது. இந்தச் சோதனையைத் தனியாகச் செய்து காட்டினால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் வீரராகவன் சொல்லியிருந்தார்.

பாய் தடவினார். அவள் கையுறை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். யார்தான் பார்க்க மாட்டார்கள்? அதே விரலால் கிருமி பூசிய தட்டில் இரண்டு காகித வில்லைகளை வைத்தாள். ஒன்று எண்ணெயில் நனைத்தது; இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீரில் நனைத்தது.

மறுநாள் எண்ணெய் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் பெரிய வட்டம். தண்ணீர் வில்லையைச் சுற்றியும் ஒரு வட்டம். தண்ணீர் கிருமியைக் கொல்லாது; அப்படியானால் சோதனையே செல்லாது. தட்டை ஒளித்துவிட்டு எண்ணெய் பாஸ் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"இன்னாம்மா, தண்ணியே கிருமிய கொல்லுது?" என்றார் வீரராகவன். "எண்ணெ இன்னாத்துக்கு? ஏரித் தண்ணிய பாட்டில்ல ஊத்தி வித்துடலாமா?"

"பாய் தடவுன எண்ணெ என் வெரல்ல இருந்துச்சு சார். மறுபடியும் செஞ்சு தரேன்."

"வியாழக்கெழம வரைக்கும் டைம். பாய கேட்டாண்டயே நிக்க வை."

புதன்கிழமை சுகிர்தா புதுக் கையுறையோடு புதுத் தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தபோது பாய் வந்தார். வாட்ச்மேன் மறித்தான். சுகிர்தாவே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"நான் இன்னா கிருமியாம்மா, வெளிய நிக்க வெச்சிக்கினு இருக்க?"

"கிருமின்னா உள்ள உட்டிருப்பேன் பாய்."

வியாழன் காலை தட்டைத் திறந்தாள். எண்ணெயைச் சுற்றி அதே பெரிய வட்டம். தண்ணீர் வில்லையை ஒட்டி, ஊசி முனை இடம்கூட விடாமல், கிருமி மொய்த்துக் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அறிக்கையிலும் வேலை நிரந்தரக் கடிதத்திலும் வீரராகவன் கையெழுத்துப் போட்ட பிறகு, அவள் நேராக, முடிவு தெரிந்துகொள்ள வந்து கேட்டில் நின்ற பாயிடம் போய் மணிக்கட்டை நீட்டினாள்.

"இப்ப தடவுங்க பாய்."